பழைய மாருதி 800-ல தினமும் ஆபீஸ்: மாடிஃபை பண்ணும் முன் போட வேண்டிய 6 கணக்குகள்



இன்றைய பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, டாக்ஸ் இல்லை. கார். அதுவும் புதுக் கார் இல்லை, பழைய மாருதி 800.

1983 டிசம்பரில் முதல் 800 ரோட்டுக்கு வந்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. இடையில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. 796 சி.சி, மூணு சிலிண்டர், 650 கிலோவை ஒட்டிய எடை. சின்ன சந்தில் திரும்பும், எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக்காவது இதைப் பிரித்துப் போட்டிருப்பார். அதனால்தான் இன்றைக்கும் 25, 30 வயது ஆட்கள் அப்பா வைத்திருந்த 800-ஐயோ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 800-ஐயோ தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறாங்க.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்குதுன்னா, கார் கைக்கு வந்த மூணாவது மாசம். அலாய் வீல் போடலாமா, புது கலர் அடிக்கலாமா, பெரிய இன்ஜின் இறக்கலாமான்னு தோணும். ஆசை தப்பில்லை. ஆனால் 70,000 ரூபாய் காருக்கு ஒன்றரை லட்சம் செலவு பண்ணினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

இந்தப் பாடத்தில் சொல்ல வருவது ஒண்ணுதான். தினமும் ஓட்டுகிற பழைய காரில் மாடிஃபிகேஷனுக்குப் போடும் பணம் விற்கும்போது திரும்பி வராது, விபத்து நடந்தாலும் பெரும்பாலும் வராது. அதனால் அந்தப் பணம் காரை நிற்காமல் ஓட வைக்கணும், இல்லைன்னா உங்களைப் பாதுகாக்கணும். இந்த ரெண்டும் முடிந்த பிறகுதான் அழகு. வாங்க, ஒவ்வொரு கணக்காகப் பார்ப்போம்.

கணக்கு 1: பழைய காரால் மாசம் எவ்வளவு மிச்சம்?

முதலில் நல்ல செய்தி. பழைய காரை வைத்துக்கொள்வது கஞ்சத்தனம் இல்லை, நல்ல நிதி முடிவாகவே இருக்கலாம்.

6 லட்ச ரூபாய் ஆன்ரோடு விலையில் ஒரு சின்ன புதுக் கார் வாங்குறீங்கன்னு வைப்போம். 1 லட்சம் முன்பணம், 5 லட்சம் லோன், 9.5 சதவீத வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ சுமார் 10,500 ரூபாய். அஞ்சு வருஷத்தில் வட்டி மட்டும் 1.3 லட்சம்.

800-ஐ ஓட்டினால் இந்த 10,500 உங்க கையில் இருக்கும். ஆனால் கவனிங்க, இது முழுக்க மிச்சம் இல்லை. பழைய கார் ரிப்பேர் கேட்கும். இந்தப் பணத்தை மூணு உண்டியலாகப் பிரிங்க:

- ரிப்பேர் உண்டியல்: மாசம் 4,000
- மாடிஃபிகேஷன் உண்டியல்: மாசம் 1,500
- அடுத்த கார் உண்டியல்: மாசம் 5,000

மூணாவது உண்டியலை 6.5 சதவீத ஆர்.டி-யில் போட்டால், அஞ்சு வருஷத்தில் வரிக்கு முன் சுமார் 3.5 லட்சம். அடுத்த காருக்கு லோன் பாதியாகக் குறையும்.

ரெண்டாவது உண்டியல்தான் இன்றைய பாடத்தின் எல்லைக்கோடு. வருஷத்துக்கு 18,000 ரூபாய். அதற்குள் அடங்காத வேலை, உண்டியல் நிரம்பும் வரை காத்திருக்கட்டும். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ-யில் அலாய் வீல் வாங்குறது, புதுக் கார் லோனைவிட அதிக வட்டியில் பழைய காரை மறுபடி வாங்குற மாதிரி.

கணக்கு 2: சட்டத்தின் விலை

"என் கார், என் பணம், நான் என்ன வேணா பண்ணுவேன்" என்பது ரோட்டில் செல்லாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது இதுதான்: ஆர்.சி-யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது.

அபராதம் எவ்வளவு? 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். "ஒவ்வொரு" என்ற சொல்லை மறுபடி படிங்க. மூணு மாற்றம்னா 15,000.

நடைமுறையில் இப்படிப் பிரிக்கலாம்:

- இன்ஜின் மாற்றுவது, பாடியை வெட்டி நீட்டுவது, கூரையை எடுப்பது: ஆர்.சி விவரத்தையே தொடுகிற வேலை. அனுமதி இல்லாமல் கையே வைக்காதீங்க.
- கலர் மாற்றுவது: ஆர்.சி-யில் கலர் பதிவாகியிருக்கும். ஆர்.டி.ஓ-வில் தெரிவித்து, ஆர்.சி-யிலும் மாற்றணும். அதே கலரில் மறுபடி பெயிண்ட் அடிச்சா இந்த வேலையே இல்லை.
- கண்ணாடி ஃபிலிம்: முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவணும்.
- சி.என்.ஜி, எல்.பி.ஜி: அங்கீகரிக்கப்பட்ட கிட் போட்டு, ஆர்.சி-யில் பதிவு செய்தால் அனுமதி உண்டு.
- சீட் கவர், மேட், ம்யூசிக் சிஸ்டம், அதே அளவு டயர்: ஆர்.சி விவரம் எதுவும் மாறாது.

சிலர், "இது கிளாசிக் கார், விண்டேஜ்ல பதிவு பண்ணிடலாம்" என்பார்கள். 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் என்றால் 50 வயசு தாண்டியிருக்கணும். முதல் 800-க்கே 2033-ல்தான் 50 முடியும். அது மட்டுமில்லை, விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. அதாவது ஆபீஸுக்குப் போக முடியாது. நமக்கு அந்த வழி வேண்டாம்.

இன்னொரு விஷயம், ஆர்.சி புதுப்பித்தல். தனியார் காருக்கு 15 வருஷம் முடிந்ததும், 5 வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி எஃப்.சி பண்ணணும். 2025 ஆகஸ்ட் அறிவிப்பில், 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய் ஆனது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். கட்டும் முன் பரிவாகன் தளத்தில் அன்றைய தொகையைப் பாருங்க. பரிசோதனை நாளில் மாற்றங்கள் எல்லாம் கண்ணில் படும். அதனால் கழற்றிய ஒரிஜினல் பார்ட்ஸ் எதையும் காயலான் கடைக்குப் போடாதீங்க. அட்டைப் பெட்டியில் கட்டி, பேர் எழுதி வைங்க.

கணக்கு 3: இன்சூரன்ஸில் இருக்கும் ஓட்டை

பலர் கவனிக்காத கணக்கு இது.

1000 சி.சி-க்குள் உள்ள தனியார் காருக்கு, 2022 ஜூனில் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி சேர்த்தால் சுமார் 2,471. விலை குறைவு. ஆனால் இந்தப் பாலிசி, உங்க காரால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும்தான். உங்க காருக்கு ஒரு ரூபாய் வராது.

15 வயசைத் தாண்டிய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் கொடுக்கப் பல கம்பெனிகள் தயங்கும். கொடுத்தாலும் காரின் மதிப்பைப் பேசித்தான் முடிவு செய்வார்கள். க்ளெய்ம் வந்தால், பொதுவாக ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 10 வயசு தாண்டிய காரின் மெட்டல் பாகத்துக்கும் 50 சதவீதம் கழியும்.

இப்போ கூட்டிப் பாருங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் இருக்கிற காரில் 60,000 ரூபாய்க்கு வீல், பெயிண்ட், ஆடியோ போட்டால், அந்த 60,000-க்கும் பாதுகாப்பு பூஜ்யம். ஒரு லாரி பின்னால் தட்டினால், எதிர்த்தரப்பு இன்சூரன்ஸில் இழப்பீடு வாங்க அலைய வேண்டியது நீங்கள்தான். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும், மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாகலாம். சி.என்.ஜி கிட், கூடுதல் எலெக்ட்ரிக்கல் சாமான் எல்லாவற்றையும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்ததற்கான தாளைக் கையில் வாங்கி வைங்க.

கணக்கு 4: பணம் எந்த வரிசையில் போகணும்?

*முதல் வரிசை: உயிரும் நெருப்பும்*

பெட்ரோல் ஹோஸ். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. 800 தயாரான காலத்தின் ரப்பர் ஹோஸ், கேஸ்கட், கார்புரேட்டர் டயஃப்ரம் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் பட்டுப் பட்டு ரப்பர் உப்பும், இறுகும், வெடிப்பு விடும். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. எத்தனாலைத் தாங்கும் ஹோஸும் புது கிளிப்பும் மாற்றுவதுதான் இந்தக் காருக்குச் செய்யக்கூடிய மிக மலிவான, மிக நல்ல மாடிஃபிகேஷன். யாரும் பார்த்து "சூப்பர்" சொல்ல மாட்டாங்க, பரவாயில்லை.

பிரேக். ஆரம்ப கால 800-களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பின்னாடி வந்த மாடல்களில் முன்பக்கம் டிஸ்க். டிரம் காராக இருந்தால் முதலில் வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், ஷூ எல்லாம் புதுசாக்குங்க. அதுவே பெரிய வித்தியாசம் தரும். டிஸ்க் மாற்றணும்னா, 800-ன் பிந்தைய மாடலுக்கான முழு செட்டாக, பிரேக் வேலை தெரிந்த இடத்தில் மட்டும், ஆர்.டி.ஓ-விலும் இன்சூரன்ஸிலும் கேட்ட பிறகு.

டயர். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டிய டயரை நம்பாதீங்க.

துரு. வெள்ளிக்கிழமை பெயிண்ட் கடைக்குப் போகும் முன், வியாழக்கிழமை காரை லிஃப்டில் ஏற்றிக் கீழே பாருங்க. ஃப்ளோர், கதவுக்குக் கீழ்ப்பகுதி, பேட்டரி தட்டு, ஸ்டெப்னி இருக்கும் குழி. துருவின் மேல் பட்டி பூசி பெயிண்ட் அடிச்சா, அடுத்த மழைக்காலத்தில் குமிழி விடும். மறுபடி டிங்கரிங், மறுபடி செலவு.

*இரண்டாம் வரிசை: நிற்காமல் ஓட*

டைமிங் பெல்ட் கடைசியாக எப்போ மாற்றினார்கள்னு தெரியலைன்னா, கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, மாத்திடுங்க. ரேடியேட்டர், ஃபேன் சுவிட்ச், கிளட்ச் கேபிள், பேட்டரி எர்த் வயர் எல்லாம் இதே வரிசை.

ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே செட். பழைய 800-ல் ஹெட்லைட் கரண்ட், டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய், வயதான வயரில் வோல்டேஜ் இறங்கி, மங்கலாக எரியும். ரிலே போட்டு பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் நேரடி வயர் இழுத்தால், அதே பல்பு பளிச்சென்று எரியும். இதற்குப் பதிலாக 100 வாட் பல்பு போடுவது ஆபத்து. 60 வாட் ரெண்டு பல்பு எடுப்பது 10 ஆம்பியர். 100 வாட் ரெண்டு பல்பு கிட்டத்தட்ட 17 ஆம்பியர். பழைய வயரும் சுவிட்சும் அதற்கு உருகும். எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

*மூன்றாம் வரிசை: ஆசை*

அலாய் வீல், ஆடியோ, புது சீட். உண்டியலில் காசு இருந்தால் தாராளமாகப் பண்ணுங்க. ஆனால் பெரிய வீலுக்கு ஒரு கணக்கு இருக்கு. 800-ன் 145/70 ஆர்12 டயரின் விட்டம் சுமார் 508 மி.மீ. 155/65 ஆர்13 போட்டால் 532 மி.மீ. கிட்டத்தட்ட 4.7 சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் சுமார் 63-ல் போறீங்க. கிலோமீட்டரும் குறைவாகப் பதிவாகும், அதனால் மைலேஜ் கணக்கே தப்பாகும். 40 குதிரைத்திறனைச் சுற்றி இருக்கும் இன்ஜினுக்கு, சிக்னலில் இருந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுமை தெரியும். அதே 12 இஞ்ச் அளவில் நல்ல டயர் போடுவது பணத்துக்கும் காருக்கும் நல்லது.

கணக்கு 5: போட்ட பணம் எப்போ திரும்பும்?

பணத்தைத் திருப்பித் தரும் மாடிஃபிகேஷன் ஒண்ணு இருக்குன்னா அது சி.என்.ஜி. ஆனால் எல்லாருக்கும் இல்லை.

கணக்குக்காக இப்படி வைப்போம்: கிட் செலவு 50,000. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 16. சி.என்.ஜி கிலோ 90 ரூபாய், மைலேஜ் 22. உங்க ஊர் விலையை நீங்களே போட்டுக்கங்க.

மாசம் 1,000 கி.மீ ஓட்டுபவர்: பெட்ரோல் 6,250, சி.என்.ஜி சுமார் 4,090. மிச்சம் 2,160. கிட் பணம் திரும்ப 23 மாசம்.

மாசம் 400 கி.மீ ஓட்டுபவர்: பெட்ரோல் 2,500, சி.என்.ஜி சுமார் 1,640. மிச்சம் 860. கிட் பணம் திரும்ப 58 மாசம்.

இப்போ உங்க ஆர்.சி-யை எடுத்துப் பாருங்க. அதில் மீதி எத்தனை மாசம்? 30 மாசம்தான் மீதி என்றால், ரெண்டாவது நபருக்கு இது நஷ்டம். அடுத்த எஃப்.சி-யில் கார் தேறுமா என்பதே உறுதி இல்லை. பணம் திரும்பும் காலம், ஆர்.சி-யில் மீதி இருக்கும் காலத்தைவிடக் குறைவாக இருக்கணும். நோட்டில் எழுதி வைக்க வேண்டிய வரி இது.

சேர்த்துக்கொள்ள வேண்டிய சின்ன விஷயங்கள்: அந்த கிட்டுக்கு உங்க மாடலுக்கும் வருஷத்துக்கும் அங்கீகாரம் இருக்கான்னு முதலில் கேளுங்க, பழைய கார் எல்லாவற்றுக்கும் கிடைக்காது. சிலிண்டரை 3 வருஷத்துக்கு ஒருமுறை சோதனை செய்யணும், அதுவும் செலவு. 800-ன் டிக்கி முழுக்க சிலிண்டர் உட்கார்ந்துவிடும்.

கணக்கு 6: கார் நிற்கும் நாட்கள்

ஷோவுக்கு வைத்திருக்கும் கார் ரெண்டு மாசம் ஷெட்டில் நிற்கலாம். உங்க கார் நிற்க முடியாது. பெயிண்ட் வேலைக்கு "பத்து நாள்ல தர்றேன் தம்பி" என்றால் மூணு வாரம்னு எடுத்துக்கங்க. வேலை நாள் 15. போக வர கேப், ஆட்டோ, நாளைக்கு 400 ரூபாய். மொத்தம் 6,000. பெயிண்ட் பில் 30,000 என்றால், உங்க உண்மையான செலவு 36,000. பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போக முடிந்தால் குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது.

அதனால் ரெண்டு பழக்கம். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். நாலு வேலையை ஒண்ணாகக் கொடுத்தால், கார் ஸ்டார்ட் ஆகாதபோது எந்த வேலையில் கோளாறுன்னு யாருக்கும் தெரியாது. அடுத்தது, வேலை முடிந்து ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

எந்தக் கணக்கிலும் அடங்காத ஒண்ணு

இதைச் சொல்லாமல் முடித்தால் பாடம் முழுமை ஆகாது. 800-ல் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ் இல்லை. இன்றைய கார்களின் மோதல் தாங்கும் பாடி இல்லை. இவற்றை எந்தக் கடையிலும் மாட்ட முடியாது. நல்ல பிரேக், நல்ல டயர், வேலை செய்யும் சீட் பெல்ட், இவ்வளவுதான் உங்களால் முடிந்தது.

அதனால் பயன்பாட்டைப் பாருங்க. தினமும் 20, 30 கி.மீ, ஊருக்குள், 40, 50 வேகம் என்றால் நன்றாகப் பராமரித்த 800 போதும். தினமும் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே 80 கி.மீ, பின் சீட்டில் குழந்தை என்றால், மாடிஃபிகேஷன் உண்டியலை இன்றைக்கே மூடிட்டு அதையும் அடுத்த கார் உண்டியலில் போடுங்க. மாசம் 1,500 கூடுதலாகப் போனால் அந்த நாள் சீக்கிரம் வரும். பழைய 800-ஐ ஞாயிற்றுக்கிழமை காராக வைத்துக்கொள்ளலாம், யாரும் பிடுங்கப் போவதில்லை.

இந்த வார வீட்டுப்பாடம்

1. ஆர்.சி-யைத் திறந்து, செல்லுபடியாகும் கடைசித் தேதியை எழுதுங்க. மீதி மாசத்தைக் கணக்கிடுங்க.
2. பாலிசியில் தேர்ட் பார்ட்டியா, ஃபுல்லா பாருங்க. ஃபுல் என்றால், காரின் மதிப்பாக எவ்வளவு போட்டிருக்கிறார்கள்னு பாருங்க.
3. நாலு டயரிலும் அந்த நாலு இலக்க எண்ணைப் படிங்க. ஸ்டெப்னியையும் மறக்காதீங்க.
4. பானெட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்க. வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் இந்த வாரமே மெக்கானிக்.
5. மனசில் இருக்கும் மாடிஃபிகேஷன் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூணு பத்தி போடுங்க: பில் தொகை, கார் நிற்கும் நாள் செலவு, ஆர்.டி.ஓ அனுமதி தேவையா.

ஐந்தாவதை முடித்ததும், பட்டியலில் பாதி தானாகவே அடிபடும். மீதி இருப்பதை உண்டியல் நிரம்பும் வரிசையில் ஒவ்வொண்ணாகச் செய்யுங்க. மூணு உண்டியலையும் மாதாமாதம் தானாகப் பிரிக்க வங்கி ஆப்பில் எப்படி செட் பண்றதுன்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம். அதுவரை பத்திரமா ஓட்டுங்க, சீட் பெல்ட் போடுங்க!